பேர் எழுதாத படங்கள்

(ஜொகூர் பாருவில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும்போது ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மேசைமேல் இருக்கிறது, பாருங்கள். பழைய கோங் குவான் பிஸ்கட் டின். உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே மாதிரி ஒன்று இருந்திருக்கும். எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பிஸ்கட் தீர்ந்ததிலிருந்து இது எங்கள் அம்மாவின் படப்பெட்டி. கட்டிலுக்கு அடியில் இருக்கும். அம்மா காலமாகி, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, நானும் தங்கையும் பாயை விரித்து இதைக் கவிழ்த்தோம். எண்ணிப் பார்த்தோம், 214 படங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, "இது யாரு? இது யாரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போனோம். 63 படங்களுக்குத்தான் எங்களால் பேர் சொல்ல முடிந்தது. மீதி 151 படங்களில் இருப்பவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், எங்கள் தோட்டத்து லயத்துக்காரர்கள், அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். எங்களுக்குத் தெரியாதவர்கள்.

ஒரு படத்தை மட்டும் காட்டுகிறேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார். பின்னால் வரிசையாகப் பால் மரங்கள். சைக்கிள் பாரில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொரு காலில் இல்லை. பின்பக்கம் ஒரு ஸ்டூடியோ முத்திரை. அதில் 'கூலாய்' என்ற ஊர்ப்பேர் மட்டும் தெரிகிறது, மற்றது அழிந்துவிட்டது. இவர் என் தாத்தாவாக இருக்கலாம். தாத்தாவின் தம்பியாகவும் இருக்கலாம். அந்தக் குழந்தை என் அம்மாவாகவே இருக்கலாம். அம்மா 81 வயது வரை நல்ல நினைவோடு இருந்தார். டின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் 36 வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு "படம் பார்த்துக் கதை சொல்" என்று பாடம் நடத்தியவள். என் வீட்டுப் படத்துக்கு நான் கதை கேட்கவில்லை.

இந்த வருத்தத்தோடுதான் பாக்கெட் ஆல்பம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். அழகான காகிதம் வெட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, பொழுதைப் போக்குகிற கைவேலை என்று பலர் இதை நினைக்கிறார்கள். அப்படிச் செய்வதிலும் தவறில்லை.  ஆனால் தோட்டத்திலிருந்து தாமானுக்கும், தாமானிலிருந்து அடுக்குமாடிக்கும் மாறிக்கொண்டே வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது ஒரு வீட்டு ஆவணக்காப்பகம். ஒரு சாயங்காலத்தில் ஒரு பக்கம் முடிக்கலாம்.

பாக்கெட் ஆல்பம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வளையம் போட்ட ஒரு கோப்பு. உள்ளே கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாள்கள். ஒவ்வொரு தாளும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெரிய அளவுத் தாள் 12 அங்குலச் சதுரம். அதில் 6க்கு 4 அங்குலப் பாக்கெட் நான்கு, 4க்கு 3 அங்குலப் பாக்கெட் நான்கு என்பது எல்லா இடத்திலும் கிடைக்கிற அமைப்பு. நம் படக்கடைகளில் '4ஆர்' என்று கேட்டால் தருகிற படம் பெரிய பாக்கெட்டில் அப்படியே பொருந்தும். சின்னப் பாக்கெட்டில் எழுத்து அட்டை. பசை வேண்டாம், கத்தரிக்கோல்கூடப் பெரும்பாலும் வேண்டாம். நாளைக்கே ஒரு படத்தை வெளியே எடுத்துப் பார்க்கலாம், திரும்பச் செருகலாம்.

பசை இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பழைய ஆல்பம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒட்டுகிற தொல்லையைத் தீர்க்க மனிதர்கள் ரொம்ப காலமாக வழி தேடியிருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல், தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்கிற பசை முன்கூட்டியே தடவப்பட்ட ஒட்டுப்புத்தகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நம் காலத்தில், 1970களிலும் 80களிலும், தடித்த அட்டையில் பசைக்கோடுகள் போட்டு, மேலே பிளாஸ்டிக் ஏடு மூடுகிற ஆல்பம் வந்தது. கல்யாண வீடெல்லாம் அதுதான். என் கல்யாண ஆல்பமும் அதுதான். இன்று அந்த ஏட்டைத் தூக்கினால் படத்தின் மேல்தோல் ஏட்டோடு வருகிறது. தூக்காவிட்டால் பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்கிறது. தாலி கட்டுகிற படத்தில் என் முகம் பாதிதான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் எதைப் போடுவது? இருபது பக்கம் வாங்கி வைத்துவிட்டு, பிறந்தநாள் கேக் படத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை என்கிறார்கள்.

காகிதம் போடுங்கள் என்பேன். படத்தைவிட அதிகம் பேசுகிற காகிதங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மணமகன் பேர், மணமகள் பேர், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவர்கள் வந்த தமிழ்நாட்டு ஊர், இங்கே இருந்த தோட்டத்தின் பேர், தாய்மாமன் யார், எந்தக் கோயில் மண்டபம், எந்த நாள், எந்த முகூர்த்தம். இவ்வளவும் ஒரே அட்டையில். வம்சாவளி எழுத உட்காருகிறவருக்கு இதைவிடச் சுலபமான ஆதாரம் கிடைக்காது. நாமோ சாப்பாடு முடிந்ததும் அதைத் தூக்கிப் போடுகிறோம். நீளமான பத்திரிகையாக இருந்தால் மடிக்காதீர்கள். பேர்கள் உள்ள பக்கத்தைச் சுருக்கி நகலெடுத்து 6க்கு 4 பாக்கெட்டில் வையுங்கள்.

நான் சொல்வது புதிதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். புத்தகத்தோடு நிற்கவில்லை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதைத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்துப் போகாமல், சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைத்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய தமிழர் வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் இன்று அங்கே போய் உட்காருகிறார்கள். பெயர்ப்பலகை எழுதிய ஒரு மனிதரின் பொறுமை அது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் 1880க்கும் 1980க்கும் இடைப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்வடிவாக்கியிருக்கிறது. அவர்கள் தேடியதும் நம் வீட்டு டின்னில் இருப்பதைப் போன்ற படங்களைத்தான்: நாற்காலியில் உட்கார்ந்த அப்பா, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அம்மா, பின்னால் தொங்கும் வரைந்த திரை.

இங்கே ஜொகூரில் என்ன தேடலாம்? முதலில் ஐ.சி. இந்த நாட்டில் 1948இல், அவசரகாலத்தின்போது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் வைத்து அடையாளக் கார்டு கொடுத்தார்கள். என் பாட்டி அவர் வாழ்நாளில் முதல்முறையாகக் கேமரா முன்னால் நின்றது அதற்காகத்தான். முடியை இழுத்து வாரிக் கட்டியிருக்கிறார். வாயை இறுக மூடியிருக்கிறார். உள்ளே வெற்றிலை என்று அம்மா சொல்லியிருக்கிறார். எங்களிடம் இருக்கிற அவருடைய ஒரே இளவயதுப் படம் அது. ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் இறந்து, இறப்பைப் பதியப் போகும்போது அவருடைய ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் துக்கத்தில் யாருக்கும் நகலெடுக்கத் தோன்றாது. அதனால் வீட்டில் இருக்கிற வயதானவர்களின் ஐ.சி.க்கு இப்போதே, அவர்கள் நன்றாக இருக்கும்போதே, வண்ண நகல் எடுத்து வையுங்கள். ஆல்பத்தில் வைக்கும்போது எண்ணை மறைத்துவிடுங்கள், முகம் போதும்.

அப்புறம் கப்பல் காகிதங்கள். 1926இலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ரஜூலா கப்பல் ஓடியது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்! டிக்கெட் துண்டு, அம்மைப்பால் குத்திய சான்று, பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், எது கிடைத்தாலும் விடாதீர்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு இருந்தால் அது தங்கம். எத்தனை நாள் பெரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, போனார், எவ்வளவு பிடித்தம், கையில் எவ்வளவு வந்தது என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டுக்குப் பக்கத்துப் பாக்கெட்டில், அதே மாதம் வீட்டில் எத்தனை வாய் சாப்பிட்டது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பேரப்பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பத்திரிகைத் துண்டுகளும் உண்டு. 'தமிழ் நேசன்' 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. 'தமிழ் முரசு' 1935இல் தொடங்கி இன்றும் சிங்கப்பூரில் வருகிறது. இவற்றில் வந்த கண்ணீர் அஞ்சலிகளை வெட்டி வைத்திருப்பீர்கள். படம், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே மக்கள் மருமக்கள் பேரன்மார் பேர்கள். பத்திரிகைத் தாளில் அமிலம் உண்டு. பக்கத்தில் இருக்கிற படத்தையும் மஞ்சளாக்கும். நல்ல தாளில் நகலெடுத்து நகலை ஆல்பத்திலும், மூலத்தைத் தனி உறையிலும் வையுங்கள். இன்றைய பஸ் டிக்கெட்டும் கடை ரசீதும் சூட்டில் அச்சாகிற தாள். ஓரிரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். அவற்றையும் நகலெடுத்தால்தான் நிற்கும்.

டிக்கெட் என்றதும் பாலம் நினைவுக்கு வருகிறது. 1924இல் திறந்த ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அந்த ஒரு கிலோமீட்டர்தான் இந்த ஊர்க் குடும்பங்களின் பாதிக் கதை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் மழைச்சட்டையோடு வரிசையில் நின்று, அக்கரையில், சிங்கப்பூரில், வேலை பார்த்து, இருட்டின பிறகு வீடு திரும்பும் அப்பாக்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் உங்களை வேலைநாளில் வெளிச்சத்தில் பார்த்ததே குறைவு. முத்திரை குத்தி முடிந்த பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம், பழைய வேலைப் பாஸ், அக்கரைக்குப் போகும் 170ஆம் எண் பஸ்ஸின் படம், சாப்பாட்டுப் பாத்திரத்தின் படம் இவற்றை ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளியில் ஒரு மாணவன் இப்படி ஒரு பக்கம் செய்து வந்தான். நடுப் பாக்கெட்டில், "அப்பா கதவைச் சாத்தும் சத்தம் எனக்குக் கேட்கும், நான் தூங்குகிற மாதிரி நடிப்பேன்" என்று எழுதியிருந்தான். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு அவன் அப்பா வகுப்பு வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த யோசனை: லயத்து வரைபடம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் வரைபடம். உலு திராம், கூலாய், ரெங்கம், லாயாங்-லாயாங், லாபிஸ், சிகாமட் என்று இந்த மாநிலம் முழுக்கத் தோட்டங்கள் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. நீங்கள் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று பேரங்காடியின் கார் நிறுத்துமிடம் இருக்கலாம். எந்த வரைபடத்திலும் உங்கள் வீடு இல்லை. ஆனால் உங்கள் அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ அது மனப்பாடம். 6க்கு 4 அட்டை ஒன்றை எடுத்து, அவர்களை உட்கார வைத்து, வரையச் சொல்லுங்கள். கை நடுங்கினால் நீங்கள் வரையுங்கள், அவர்கள் சொல்லட்டும். கோயில் எங்கே, பெரட்டுக் களம் எங்கே, ஆயாக் கொட்டகை எங்கே, பால் ஸ்டோர் எங்கே, கிராணி வீடு எங்கே, பொதுக் குழாய் எங்கே. பிறகு வீடு வீடாக யார் இருந்தது.

என் பெரியம்மாவை நான் இப்படி உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன், மூன்று மணி நேரம் ஆனது. ஏழாம் கதவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். "இங்கதான் அந்தப் புள்ள இருந்துச்சு, எனக்கு உளி பிடிக்கக் கத்துக் குடுத்துச்சு" என்றார். அந்தப் பெண்ணின் பேரை நான் அதுவரை கேட்டதே இல்லை. பெரியம்மா எழுந்து போய், பால் வெட்டுவது எப்படி என்று வாசல் தூணைத் தொட்டுக் காட்டினார். பட்டையை எவ்வளவு சாய்வாகச் சீவ வேண்டும், ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் வராது, கோட்டின் கீழ் முனையில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை எப்படி வைப்பது என்று எல்லாம் கைப்பழக்கமாக வந்தது. நான் அந்தக் கையைப் படம் எடுத்தேன். அந்தப் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது: மேலே இடதுபுறம் வரைபடம், வலதுபுறம் தூணைத் தொட்ட கை, கீழே ஐ.சி. படமும் சம்பளச் சீட்டும். சின்னப் பாக்கெட் நான்கில் ஏழாம் கதவுப் பெண்ணின் பேர், பெரியம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவர் பேச்சிலேயே, தோட்டத்தின் பேரும் வருடமும், நான்காவதில் அவருடைய கையெழுத்து. அவர் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவார். திருத்தாமல் வைத்திருக்கிறேன்.

எழுத்து அட்டையில் என்ன எழுதுவது என்று பலர் தயங்குகிறார்கள். "இனிய நினைவுகள்" என்று எழுதாதீர்கள். அது எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தப் படத்துக்கும் பயன்படாது. யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். யார் படம் எடுத்தது என்றும் எழுதுங்கள். எப்போதும் படம் எடுத்துக்கொண்டே இருந்த சித்தப்பா ஒரு படத்திலும் இருக்க மாட்டார். பிறகு, படத்தில் தெரியாத ஒன்றை எழுதுங்கள். அந்தப் புடவை யாருடையது, அன்று மழையா, ஏன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டியிடம் "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல" என்று எழுந்து போய்விடுவார். "இந்தத் தூக்குச் சட்டியில என்ன பாட்டி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அங்கேயிருந்து எல்லாம் வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நீங்கள் தமிழ் படிக்கிறீர்கள், உங்களில் பலர் வீட்டில் அண்ணன் அக்காவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அட்டை எழுதுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல, பாட்டி பேச்சிலேயே எழுதுங்கள். "மீன் கறிக்கு ரெண்டு கை கொத்தமல்லி" என்று சொன்னால் கிராமுக்கு மாற்றாதீர்கள். பாட்டியின் உள்ளங்கையைப் படம் எடுத்துப் பக்கத்துப் பாக்கெட்டில் வையுங்கள், அளவு தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். கைப்பேசியில் எட்டாயிரம் படம் வைத்திருப்பீர்கள். அதில் நான்கைத் தேர்ந்து, கடையில் அச்செடுத்து, நான்கு அட்டை எழுதினால் ஒரு பக்கம். வருடத்துக்குப் பன்னிரண்டு.

இனி, கொஞ்சம் கனமான விஷயம்.

படமே இல்லாதவர்களை என்ன செய்வது? 1942இலும் 43இலும் ஜப்பானியர் இந்த நாட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல் நட்டு, பேர் தெரிந்தவர்களுக்குப் பேர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படிப் பேர் பொறித்த தனித்தனிக் கல் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அதுபோன்ற எழுத்துகளில்தான் அவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் பழைய குடும்பங்களைக் கேட்டால், "தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு, திரும்பல" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். படம் கிடையாது, கடிதம் கிடையாது, திதி கொடுக்க நாள்கூடக் கிடையாது.

அவருக்கு ஒரு பாக்கெட் கொடுங்கள். 6க்கு 4, முழுப் பாக்கெட். வெள்ளை அட்டை ஒன்றில் அவர் பேரை எழுதுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து போனார், அப்போது அவருக்கு என்ன வயதிருக்கும், யார் சொல்லி நமக்குத் தெரியும், அவ்வளவும் எழுதிச் செருகுங்கள். அலங்காரம் எதுவும் வேண்டாம். ஆல்பத்தைப் புரட்டுகிற பேரப்பிள்ளை, சிரித்த முகங்களுக்கு நடுவே அந்த வெள்ளை அட்டையில் நின்று, "இவர் ஏன் இப்படி?" என்று கேட்கும். கேட்க வேண்டும். கைக்குழந்தையாகவே போய்விட்ட பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்யலாம். எங்கள் குடும்பத்தில் அப்படி இருவர் உண்டு. என் அம்மா எண்ணும்போது அவர்களையும் சேர்த்து ஏழு என்றுதான் சொல்வார். ஆல்பத்தில் ஏழு பாக்கெட் வைத்திருக்கிறேன்.

வைப்பது முக்கியம், கெடாமல் வைப்பது அதைவிடச் சிரமம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டும். 65ஐத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆல்பத்தைத் தரையிலோ, குளியலறைப் பக்கச் சுவரை ஒட்டிய அலமாரியிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். பிளாஸ்டிக் தாள் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது மழைச்சட்டை மாதிரி நெடி அடித்தால் அது பி.வி.சி.யாக இருக்கும், நாளானால் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். படங்களுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 18916 என்ற உலகத் தரமே இருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அந்தச் சோதனையில் தேறியதைக் குறிப்பிடுவார்கள். காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

விபூதி, குங்குமம், மஞ்சள் தடவிய பத்திரிகை, மாலையிலிருந்து எடுத்த பூ, முதல் முடி இவற்றையெல்லாம் வைக்க ஆசை வரும். மஞ்சள் கறையாகும், பூவுக்குப் பூச்சி வரும். காகிதத்தைத் தின்னும் பூச்சிக்கு இராமபாணம் என்று நம்மவர்கள் பேர் வைத்தது சும்மா இல்லை. நூறு பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போகும். மஞ்சள் தடவிய பத்திரிகையை நகலெடுங்கள். முதல் முடியைத் தனியே மூடிய சின்ன உறையில் போட்டு, ஆல்பத்துக்கு வெளியே வையுங்கள். புடவையை வைக்க ஆசையென்றால் முந்தானையில் ஓர் அங்குலத் துண்டு, துவைத்துக் காயவைத்தது, படத்தில் படாமல் தனிப் பாக்கெட்டில்.

வெள்ளம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையையும் ஐஸ்பெட்டியையும் வாசலில் போட்டவர்கள், ஆல்பத்தையும் அதோடு சேர்த்துப் போட்டார்கள். போடாதீர்கள். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் மெல்லப் பிரியும். அச்சு உள்ள பக்கத்தைத் தேய்க்காமல் அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் விரித்துக் காய வையுங்கள். இரண்டு நாளுக்குள் இதைச் செய்ய நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளம் வருகிற பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள்.

நேரமாகிவிட்டது. பேர் தெரியாத அந்த 151 படங்களை நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தூக்கிப் போடவில்லை. தனி ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதற்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோய், வயதானவர்களிடம் காட்டுகிறேன். ஒன்பது படங்களுக்குப் பேர் கிடைத்திருக்கிறது. சைக்கிள்காரருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இன்றும் கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேசையில் வைக்கிறேன். கூலாய்ப் பக்கம் இருந்த பெரியவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

அதே மேசையில் பென்சில் வைத்திருக்கிறேன். மென்மையான 4பி பென்சில். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்பக்கம் ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். பேனா மை மறுபக்கம் ஊறும். வழவழப்பான புதுப் படமென்றால் பென்சில் பிடிக்காது, படத்தில் எழுதாமல் அட்டையில் எழுதிச் செருகுங்கள். ஆளுக்கு ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, உங்கள் வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டின்னைத் திறந்து, ஐந்தே ஐந்து படத்துக்குப் பேர் கேட்டு எழுதிவிட்டுப் படுங்கள்.